இழையைக் கூட்டியும் வேகம் பிடிக்காத சதுரங்க எஞ்சின்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்க எஞ்சினைக் கணினியில் நிறுவியவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் த்ரெட்ஸ் என்ற அமைப்பில்தான். தேடல் ஒரே நேரத்தில் எத்தனை இழைகளில் ஓடும் என்பதை அது தீர்மானிக்கிறது. நிறுவும்போது அது 1 என்றே இருக்கும். அதை 8, 16, 32 என்று ஏற்றிவிட்டு, நினைத்த பலன் கிடைக்காதபோது பழியை, ஒரு கோரில் (பிராசசரின் தனிக் கணக்கு அலகில்) இரண்டு இழைகளை ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங்கின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழியில் பாதிக்கு மேல் பொருந்தாதது என்பதே என் கருத்து. அளக்கத் தவறியதாலும், ஒரே கோரில் இரண்டு வெவ்வேறு வேலைகளை இயங்குதளம் அடுக்கிவிடுவதாலும் வரும் கோளாறுகளே நடைமுறையில் அதிகம். கீழே சொல்லப்படுபவை ஸ்டாக்ஃபிஷை மையமாக வைத்தவை. ஆல்ஃபா-பீட்டா தேடலை (பயனற்ற கிளைகளை ஆராயாமலே வெட்டிவிடும் முறையை)ப் பயன்படுத்தும் பிற எஞ்சின்களுக்கும் அவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஹைப்பர்த்ரெடிங்கில் ஒரு கோருக்குள் இரண்டு இழைகள் ஓடுவதாக இயங்குதளம் காட்டினாலும், கணக்குப் போடும் உறுப்புகள் இரண்டு மடங்கு ஆவதில்லை. ரெஜிஸ்டர்கள் முதலிய நிலைத்தகவல் மட்டுமே இரு இழைகளுக்கும் தனித்தனியாக வைக்கப்படுகிறது. கேஷ் (சிப்புக்குள் உள்ள சிறிய விரைவு நினைவகம்), கூட்டல் பெருக்கல் அலகுகள், நினைவகத்துக்கான வழி ஆகியவை பொது. ஓர் இழை நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கும் வேளையில் மற்ற இழை அந்த உறுப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. இன்டெல் இதை 2002-இல் சியான், பென்டியம் 4 பிராசசர்களில் கொண்டுவந்தது. இடையில் கைவிட்டு, 2008-இல் கோர் ஐ7 வரிசையில் மீண்டும் சேர்த்தது. ஏஎம்டி தன் ரைசன் வரிசையுடன் 2017-இல் எஸ்எம்டி என்ற பெயரில் தந்தது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் இது கிடையாது. 2024-இல் வெளிவந்த இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் மேசைக்கணினிச் சிப்புகளிலும் இது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பிழை தேடப் புறப்படும் முன் உங்கள் சிப்பில் இந்த வசதி உண்டா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கோர் எண்ணிக்கையும் லாஜிக்கல் பிராசசர் (இயங்குதளத்துக்குத் தெரியும் இழை இடங்கள்) எண்ணிக்கையும் தனித்தனியே காட்டப்படும். இரண்டும் ஒன்றே என்றால் ஹைப்பர்த்ரெடிங் இல்லை, அல்லது பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) அணைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அளவெடுங்கள்

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடவேண்டும்.

பலகையைக் காட்டும் இடைமுக நிரலை மூடிவிட்டு, எஞ்சின் கோப்பை நேரடியாகக் கட்டளைச் சாளரத்தில் ஓட்டுங்கள். ஸ்டாக்ஃபிஷ் 17.1 முதல் ஸ்பீட்டெஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. அதன் பின்னால் இழை எண்ணிக்கை, ஹாஷ் அளவு (தேடிய நிலைகளின் விடைகளைச் சேமிக்கும் அட்டவணையின் அளவு, மெகாபைட்டில்), நொடிகள் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் கொடுக்கலாம். முடிவில் நொடிக்கு எத்தனை கணுக்கள் (தேடல் மரத்தின் நிலைகள்) தேடப்பட்டன என்பதோடு, எத்தனை பிராசசர்கள் எஞ்சினின் கண்ணுக்குத் தெரிகின்றன, லார்ஜ் பேஜஸ் (நினைவகத்தைப் பெரிய துண்டுகளாகக் கையாளும் வசதி) கிடைத்ததா, இழைகள் எந்தெந்தப் பிராசசர் தொகுதிகளோடு பிணைக்கப்பட்டன என்பவற்றையும் அது காட்டும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பெஞ்ச் கட்டளையைப் பயன்படுத்தலாம். அதில் ஹாஷ் முதலிலும் இழை எண்ணிக்கை இரண்டாவதாகவும் வரும் என்பதைக் கவனியுங்கள். மாற்றி இட்டுவிட்டு, 16 மெகாபைட் ஹாஷில் 1024 இழைகளை ஓட்டிக் கணினியைத் திணறடிப்பவர்கள் உண்டு.

மூன்று அளவுகள் போதும்: 1 இழை, உண்மையான கோர் எண்ணிக்கை அளவு இழைகள், லாஜிக்கல் பிராசசர் எண்ணிக்கை அளவு இழைகள். மூன்றுக்கும் ஒரே ஹாஷ் அளவைக் கொடுத்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையே கணினி ஆறச் சற்று நேரம் விடுங்கள். இந்த மூன்று எண்கள் கையில் இல்லாமல் கீழே உள்ள எந்த அறிகுறியையும் நம்பகமாகப் பிரித்தறிய முடியாது.

அறிகுறி: ஒரே இழையிலேயே வேகம் குறைவாக இருக்கிறது

இங்கே ஹைப்பர்த்ரெடிங்குக்குத் தொடர்பே இல்லை. பெரும்பாலும் பிராசசருக்குப் பொருந்தாத எஞ்சின் கோப்பைப் பதிவிறக்கியிருப்பீர்கள். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல், நிலைகளை மதிப்பிடும் வேலையை என்என்யுஇ என்ற சிறிய நரம்பு வலைப்பின்னல் செய்கிறது. அது ஏவிஎக்ஸ்2 போன்ற அகலக் கட்டளைகளை நம்பியிருப்பதால், அவை இல்லாத பொதுப் பதிப்பை ஓட்டினால் வேகம் வெகுவாகக் குறையும். ஏஎம்டியின் முதலிரு ஜென் தலைமுறைகளில் பெக்ஸ்ட் என்ற கட்டளை மிக மெதுவாக நடக்கும். அந்தக் கணினிகளில் பிஎம்ஐ2 என்று பெயரிட்ட கோப்பை விட்டு ஏவிஎக்ஸ்2 கோப்பையே எடுக்க வேண்டும். 2020-இல் வந்த ஜென் 3 முதல் இந்தச் சிக்கல் இல்லை.

அறிகுறி: இழைகளை இரட்டிப்பாக்கினேன், கணு எண்ணிக்கை இரட்டிப்பாகவில்லை

8 கோர், 16 லாஜிக்கல் பிராசசர் கொண்ட கணினியில் 8 இழையில் நொடிக்கு 80 லட்சம் கணுக்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 16 இழையில் 1 கோடி வந்தால் அது ஆரோக்கியமான அளவுதான். ஹைப்பர்த்ரெடிங்கால் மொத்தக் கணு வேகம் கால் பங்கு அளவில் கூடுவது இயல்பு. சில சிப்புகளில் அதைவிடக் கூடவும் சிலவற்றில் குறையவும் செய்யும். 1.6 கோடியை எதிர்பார்ப்பவர், இல்லாத கோர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் குறைவின் காரணமும் விளங்கும். எஞ்சின் தேடும்போது ஒவ்வொரு நிலைக்கும் ஹாஷ் அட்டவணையில் ஓர் இடத்தைப் பார்க்கிறது. அந்த இடங்கள் பல கிகாபைட் நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால், பெரும்பாலான தடவை தரவு கேஷில் அகப்படாமல் முதன்மை நினைவகத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் இரண்டாவது இழை நுழையும் இடைவெளி. மறுபுறம், என்என்யுஇ கணக்குகள் அகலக் கட்டளை அலகுகளை நெருக்கமாகப் பயன்படுத்துகின்றன. அந்த வேளையில் இரண்டாவது இழைக்குக் கொடுக்க உறுப்புகள் மிச்சமில்லை. இரண்டு இயல்புகளும் ஒரே நிரலில் கலந்திருப்பதால் பலன் இடைப்பட்டதாகவே இருக்கும்.

1 இழையிலிருந்து 8 இழைக்குப் போகும்போதே வேகம் சரியாக 8 மடங்கு ஆகவில்லை என்றாலும் பதற வேண்டியதில்லை. ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது சிப் தன் உச்ச டர்போ வேகத்தில் ஓடுகிறது. எல்லாக் கோர்களும் இறங்கும்போது கடிகார வேகம் தாழ்ந்துவிடும். 8-க்கு 6.5 மடங்கு வந்தாலே நல்லது. 8-க்கு 4 மடங்கு என்று நின்றுவிட்டால்தான் தேட வேண்டும்: நினைவகக் குச்சி ஒன்றே ஒன்று மாட்டியிருந்தால் இரட்டைத் தடம் கிடைக்காமல் அலைவரிசை சுருங்கும், மடிக்கணினியாக இருந்தால் மின் திட்டம் சிக்கன நிலையில் இருக்கலாம். பெரிய ஹாஷ் வைத்திருப்பவர்களுக்கு லார்ஜ் பேஜஸ் இல்லாததும் ஒரு காரணம். விண்டோஸில் லாக் பேஜஸ் இன் மெமரி என்ற உரிமையைப் பயனர் கணக்குக்கு நிர்வாகி வழங்கினால்தான் அது கிடைக்கும். லினக்ஸில் ஸ்டாக்ஃபிஷ் தானே கேட்டுப் பெற்றுக்கொள்கிறது.

அறிகுறி: கணு வேகம் கூடியது, ஆனால் ஆழம் கூடவில்லை, சில சமயம் குறைகிறது

அதிகம் பேரைக் குழப்பும் அறிகுறி இதுதான். ஆழம் என்பது எத்தனை நகர்த்தல்கள் முன்னோக்கித் தேடப்படுகிறது என்ற எண். ஹைப்பர்த்ரெடிங் பற்றிய பழைய சண்டை முழுவதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றும் சொல்லலாம்.

ஆல்ஃபா-பீட்டா தேடல் இயல்பிலேயே வரிசையாகச் செய்ய ஏற்ற வேலை. முதல் நகர்த்தலைத் தேடி முடித்து ஒரு மதிப்பு கிடைத்த பிறகுதான், மற்ற நகர்த்தல்களில் எவற்றை ஆராயாமலே வெட்டிவிடலாம் என்று தெரியும். பல இழைகள் ஒரே நேரத்தில் இறங்கும்போது, வரிசையாகத் தேடியிருந்தால் வெட்டப்பட்டிருக்கும் கிளைகளையும் சில இழைகள் தேடிவிடுகின்றன. ஆகவே கணு எண்ணிக்கை கூடுவதில் ஒரு பகுதி வீண் வேலை. இழைகள் கூடக் கூட அந்தப் பகுதியும் கூடும்.

முந்தைய தலைமுறை எஞ்சின்கள் மரத்தின் ஒரு கணுவில் முதல் நகர்த்தல் முடியும்வரை காத்திருந்து, பிறகு மீதியை இழைகளுக்குப் பங்கிட்டன. அந்த முறையில் ஓர் இழை பிந்தினால் மற்றவை அதற்காக நிற்க வேண்டும். ஹைப்பர்த்ரெடிங்கில் ஒவ்வோர் இழையும் தனித்து ஓடும் கோரைவிட மெதுவாக ஓடுவதால், காத்திருப்பும் வீண் வேலையும் சேர்ந்து, கிடைத்த கால் பங்கு வேகத்தை விழுங்கிவிடும். அந்தக் காலத்தில் எஞ்சின்காரர்கள் "பயாஸில் அணைத்துவிடுங்கள்" என்று சொன்னது நியாயமான அறிவுரை. அது இன்றும் சுற்றிக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

2016 ஜனவரியில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் 7, லேசி எஸ்எம்பி என்ற முறைக்கு மாறியது. அதில் பங்கீடு என்பதே கிடையாது. எல்லா இழைகளும் ஒரே தொடக்க நிலையிலிருந்து தனித்தனியாகத் தேடுகின்றன; ஹாஷ் அட்டவணை மட்டும் பொது. ஓர் இழை கண்டுபிடித்ததை அட்டவணையில் எழுதிவைக்க, மற்றவை அதை எடுத்துக்கொள்கின்றன. நேரம் முடிந்ததும் இழைகள் தத்தம் மதிப்பையும் ஆழத்தையும் வைத்து வாக்களிப்பதுபோல ஒரு நகர்த்தல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை என்பதால் மெதுவான இழை வேகமான இழையைப் பின்னுக்கு இழுப்பதில்லை. ஆனால் இம்முறையில் கூடுதல் இழைகள் தேடலை ஆழப்படுத்துவதைவிட அகலப்படுத்துகின்றன: ஓர் ஆழத்தில் தவறவிடப்பட்டிருக்கும் நல்ல பதில் நகர்த்தல்களை அவை பிடித்துக்கொள்கின்றன. எனவே திரையில் காட்டும் ஆழ எண் அப்படியே நின்றாலும், அதே ஆழத்தில் கிடைக்கும் விடையின் தரம் கூடியிருக்கும். 16 இழையில் 30 ஆழம் என்பதும் 1 இழையில் 30 ஆழம் என்பதும் ஒரே பொருள் தருவதில்லை.

இதிலிருந்து பெறும் வழிமுறை எளியது. "குறிப்பிட்ட ஆழத்தை எட்ட எவ்வளவு நேரம்" என்ற அளவையை வைத்து இழை எண்ணிக்கையைத் தீர்மானிக்காதீர்கள். கணு வேகத்தை மட்டும் வைத்தும் தீர்மானிக்காதீர்கள். கோர் எண்ணிக்கை அளவு இழை கொண்ட எஞ்சினையும், லாஜிக்கல் எண்ணிக்கை அளவு இழை கொண்ட அதே எஞ்சினையும் ஒன்றோடொன்று பல நூறு ஆட்டங்கள் மோதவிடுவதே நேர்மையான சோதனை. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டாக்ஃபிஷ் குழுவினரின் பரிந்துரையை எடுத்துக்கொள்ளலாம்: கிடைக்கும் எல்லா இழைகளையும் கொடுங்கள், பிற வேலைகளுக்காக ஒன்றிரண்டை மட்டும் விட்டுவையுங்கள், ஹைப்பர்த்ரெடிங் நன்மையே செய்கிறது. அந்த நன்மை சிறிது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பயாஸில் அதை இயக்கியதால் உங்கள் எஞ்சின் வேறொன்றாக மாறிவிடப் போவதில்லை.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹாஷ் நிரம்பிய அளவை எஞ்சின் ஆயிரத்துக்கு இத்தனை என்று காட்டும். இழைகள் கூடினால் அட்டவணை வேகமாக நிரம்பும். தொடங்கிச் சில நொடிகளிலேயே அது ஆயிரத்தை நெருங்கினால், பயனுள்ள பழைய விடைகள் அழிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. நிறுவும்போது இருக்கும் 16 மெகாபைட்டை அப்படியே விட்டுவிட்டு 16 இழைகளை ஓட்டுவது வீண். நினைவகத்தில் இயங்குதளத்துக்கும் உலாவிக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு மீதியில் பெரும்பகுதியை ஹாஷுக்குக் கொடுங்கள். மல்டிபிவி 1-க்கு மேல் இருந்தாலும் ஆழம் தாழும். மூன்று சிறந்த நகர்த்தல்களைக் கேட்டால் மூன்றுக்கான உழைப்பையும் அது செய்தாக வேண்டும்.

அறிகுறி: தொடக்கத்தில் பறக்கிறது, சில நிமிடங்களில் தளர்கிறது

மடிக்கணினிகளில் இது அன்றாடம். சில நிமிடங்களில் வெப்ப எல்லையையோ மின் எல்லையையோ தொட்ட சிப், கடிகார வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஹைப்பர்த்ரெடிங் ஒரு கோரின் உறுப்புகளைச் சும்மா இருக்கவிடாததால் அந்த எல்லை சற்று முன்னதாகவே வந்துவிடும். வெப்பநிலையையும் கடிகார வேகத்தையும் காட்டும் கருவி ஒன்றைப் பக்கத்தில் திறந்துவைத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். இங்கே இழைகளைக் கோர் எண்ணிக்கைக்குக் குறைத்துப் பார்ப்பது பொருத்தமான சோதனை: சில மெல்லிய மடிக்கணினிகளில், பத்தாவது நிமிடத்தின் முடிவில் 8 இழையும் 16 இழையும் ஏறக்குறைய ஒரே கணு வேகத்தில் வந்து நிற்கும், மின்விசிறியின் இரைச்சல் மட்டும் மிச்சம்.

அறிகுறி: இடைமுகத்தைச் சிறிதாக்கிவிட்டு வேறு சாளரத்துக்குப் போனால் வேகம் விழுகிறது

2021-இல் வந்த இன்டெலின் 12-ஆம் தலைமுறை முதலான கலப்பு வகைச் சிப்புகளில் இதை எதிர்பார்க்கலாம். அவற்றில் வேகக் கோர்களும் சிக்கனக் கோர்களும் கலந்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஐ9-12900கே சிப்பில் 8 வேகக் கோர்களுக்கு 16 இழைகளும், ஹைப்பர்த்ரெடிங் இல்லாத 8 சிக்கனக் கோர்களுக்கு 8 இழைகளுமாக மொத்தம் 24. பின்னணிக்குப் போன நிரல் அவசரமற்றது என்று விண்டோஸ் முடிவுகட்டி, அதைச் சிக்கனக் கோர்களுக்குத் தள்ளிவிடுவதுண்டு. இரவு முழுவதும் பகுப்பாய்வு ஓட்டிவைத்துக் காலையில் வந்து பார்ப்பவர்களுக்கு இதனால் பாதி இரவு வீணாகும்.

சாளரம் முன்னே இருக்கும்போதும் பின்னே போனபோதும் டாஸ்க் மேனேஜரின் வரைபடத்தில் வலது சொடுக்கி, லாஜிக்கல் பிராசசர் வாரியான காட்சியைத் திறந்து பாருங்கள். சாளரம் மறைந்த கணத்தில் முதல் 16 கட்டங்கள் வெறுமையாகிக் கடைசி 8 கட்டங்கள் மட்டும் நிரம்பி நின்றால் காரணம் உறுதி. மின் திட்டத்தை உச்ச வேகத்துக்கு மாற்றுவது பெரும்பாலும் போதும். போதவில்லை என்றால் பவர்சிஎஃப்ஜி கருவியின் பவர்த்ராட்லிங் டிசேபிள் கட்டளையில், இடைமுகத்தின் பாதையை விட்டுவிட்டு எஞ்சின் கோப்பின் பாதையைக் கொடுங்கள். எஞ்சின் தனி நிரலாக ஓடுகிறது என்பதை மறந்துவிட்டு இடைமுகத்துக்கு விலக்கு வாங்குவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல்.

அறிகுறி: 64-க்கு மேல் இழை கொடுத்தாலும் பிராசசரில் பாதி சும்மா இருக்கிறது

64 கோரும் 128 இழையும் கொண்ட த்ரெட்ரிப்பர் 3990எக்ஸ் போன்ற கணினிகளுக்கும், இரட்டைச் சாக்கெட் சர்வர்களுக்கும் உரிய சிக்கல் இது. விண்டோஸ் லாஜிக்கல் பிராசசர்களை அதிகபட்சம் 64 கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறது. விண்டோஸ் 11-க்கு முன்பு, கேட்டு வாங்காத நிரல் ஒரே குழுவுக்குள் முடங்கிவிடும். இங்கே எஸ்எம்டியை அணைத்தால் வேகம் கூடியதுபோலத் தோன்றும்: 128 என்பது 64 ஆகி எல்லாம் ஒரே குழுவுக்குள் வந்துவிட்டதே காரணம், எஸ்எம்டி கெடுதல் செய்தது என்பதற்கு அது சான்றாகாது. ஸ்டாக்ஃபிஷ் 17-இல், இழைகளைப் பிராசசர் தொகுதிகளோடு பிணைக்கும் நூமாபாலிசி என்ற அமைப்பு வந்துவிட்டது; அதை ஆட்டோ என்றே விட்டுவிட்டு, ஸ்பீட்டெஸ்ட் முடிவில் எத்தனை பிராசசர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்று மட்டும் சரிபாருங்கள்.

அறிகுறி: எஞ்சின் நேரத்தில் தோற்கிறது

எல்லா லாஜிக்கல் பிராசசர்களையும் எஞ்சினுக்கே கொடுத்துவிட்டால், நகர்த்தலைப் பெற்றுப் பலகையில் வைக்கும் இடைமுக நிரலுக்கு முறை கிடைக்கப் பிந்தும். வேக ஆட்டங்களில் அந்தப் பிந்துதலே கொடியை விழச்செய்யும். ஒன்று அல்லது இரண்டு இழைகளைக் குறையுங்கள். நிறுவும்போது 10 மில்லிநொடியாக இருக்கும் மூவ் ஓவர்ஹெட் அமைப்பைச் சில நூறாக உயர்த்துங்கள். ஒரே கணினியில் இரண்டு எஞ்சின்களைப் பாண்டர் இயக்கி மோதவிட்டால், எதிராளியின் நேரத்திலும் இரண்டும் சிந்தித்துக்கொண்டிருக்கும். ஆளுக்கு 16 இழை கொடுத்திருந்தால் 16 லாஜிக்கல் பிராசசருக்கு 32 இழைகள் முட்டிமோதும். பாண்டரை அணையுங்கள், அல்லது ஆளுக்குப் பாதி இழை கொடுங்கள்.

இறுதிக்கட்டத்தில் மட்டும் இப்படி நடந்தால் சிசிஜி அட்டவணைகளை, அதாவது குறைந்த காய்கள் உள்ள நிலைகளின் முடிவுகளை முன்கூட்டியே கணித்த கோப்புகளைப் பாருங்கள். ஆறு காய் வரையிலான தொகுப்பே 150 கிகாபைட் அளவில் வரும். அது சுழலும் வன்வட்டில் இருந்தால் 16 இழைகளும் ஒரே ஊசிமுனைக்காக வரிசையில் நிற்கும். எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஒரே எஞ்சினின் இரு பதிப்புகளை மோதவிட்டால் முடிவுகள் தாறுமாறாக வருகின்றன

நிரலாளர்கள் தாங்கள் செய்த மாற்றம் பலன் தந்ததா என்று பார்க்கப் பல ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள். ஒவ்வோர் எஞ்சினும் 1 இழையில் ஓடும். ஹைப்பர்த்ரெடிங் உண்மையிலேயே தொல்லை கொடுக்கும் இடம் இதுதான். 8 கோர் கணினியில் 8 ஆட்டங்களை ஓட்டும்போது, இயங்குதளம் எப்போதும் கோருக்கு ஓர் ஆட்டம் என்று பிரித்துக் கொடுக்கும் என்ற உறுதி இல்லை. ஒரு கணத்தில் இரண்டு எஞ்சின்கள் ஒரே கோரின் இரு இழைகளில் அமர்ந்துவிட்டால் இரண்டுமே தளர்ந்து ஓடும். அதே வேளையில் இன்னொரு கோர் சும்மா இருக்கும். நேரக் கட்டுப்பாட்டில் ஆடும் ஆட்டத்தில் அந்தத் தளர்ச்சி நேராகப் பலக் குறைவாக மாறுகிறது. மிகச் சிறிய முன்னேற்றத்தைத் தேடும் சோதனையில் இந்த இரைச்சல் பெரிது.

இரு தரப்புக்கும் சமமாக நேரும் இடையூறு என்றால் ஆட்டங்கள் பெருகும்போது அது சராசரியில் கரைந்துவிடும். கரையாத வகையும் உண்டு: ஒரு பதிப்பு நினைவகத்துக்காக அதிகம் காத்திருப்பதாகவும் மற்றது கணக்கிலேயே மூழ்கியிருப்பதாகவும் இருந்தால், ஒரே கோரைப் பங்கிடும்போது இரண்டும் இழக்கும் அளவு வேறாகிவிடும். அப்போது நீங்கள் அளப்பது எஞ்சினின் பலத்தை மட்டும் அல்ல.

சரிசெய்ய, ஒரே நேரத்தில் நடக்கும் ஆட்டங்களைக் கோர் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக வையுங்கள். பாண்டர் இல்லாத ஆட்டத்தில் ஒரு சமயம் ஓர் எஞ்சினே சிந்திக்கும் என்பதால் ஆட்டத்துக்கு ஒரு கோர் என்பது கணக்கு. அடுத்து, ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு கோருடன் பிணையுங்கள். இதற்கு எந்த இரண்டு எண்கள் ஒரே கோரைச் சேர்ந்தவை என்று தெரிய வேண்டும். விண்டோஸில் வழக்கமாக 0-உம் 1-உம் ஒரே கோர், 2-உம் 3-உம் அடுத்தது என்று போகும். லினக்ஸில் பல கணினிகளில் 0-உம் 8-உம் ஒரே கோராக இருக்கும். ஊகிக்க வேண்டாம்: எல்எஸ்சிபியு கட்டளையை -ஈ சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு லாஜிக்கல் எண்ணுக்கும் பக்கத்தில் அது சேர்ந்த கோரின் எண் வரும். சிஸ் அடைவில் சிபியு0-இன் டோப்பாலஜிக்குள் த்ரெட் சிப்ளிங்ஸ் லிஸ்ட் என்ற கோப்பைத் திறந்தாலும் 0,8 என்றோ 0-1 என்றோ ஒரே வரியில் விடை இருக்கும். 0,8 என்று கண்டால், டாஸ்க்செட் கொண்டு 1 முதல் 7 வரையிலான எண்களை ஆட்டங்களுக்குக் கொடுத்து, 0-ஐயும் 8-ஐயும் இயங்குதளத்துக்கு விட்டுவிடுங்கள். இதையெல்லாம் செய்ய மனமில்லாதவர், சோதனைக்கென ஒதுக்கிய கணினியில் மட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்துவிடலாம். லினக்ஸில் மறுதொடக்கமே வேண்டாம். சிஸ் அடைவின் சிபியு பகுதியில் எஸ்எம்டிக்குள் உள்ள கண்ட்ரோல் கோப்பில் ரூட் உரிமையுடன் ஆஃப் என்று எழுதினால் போதும்.

அறிகுறி: ஒரே நிலையைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு நகர்த்தல் வருகிறது

இது பிழையே இல்லை. எந்த இழை எந்தக் கணத்தில் ஹாஷ் அட்டவணையில் எழுதுகிறது என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அதனால் தேடல் மரமும் மாறும். 2 இழையிலேயே இது தொடங்கிவிடும், ஹைப்பர்த்ரெடிங் இருக்க வேண்டும் என்பதில்லை. எஞ்சின் கோப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க விரும்பினால் 1 இழையில், ஹாஷை அழித்துவிட்டு, குறிப்பிட்ட ஆழம் வரை ஓட்டுங்கள். கணு எண்ணிக்கை கடைசி இலக்கம் வரை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வர வேண்டும். அப்போதும் மாறினால் நினைவகக் குச்சியையோ ஓவர்கிளாக்கையோ சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினியில் பாதி வேகம்தான்

8 விசிபியு (மெய்நிகர் பிராசசர்) என்று விற்கப்படுவது பெரும்பாலான இன்டெல் வகைகளில் 4 கோர்களின் 8 இழைகள்தான். எல்எஸ்சிபியு காட்டும் பட்டியலில் ஒரு கோருக்கு எத்தனை இழை என்ற வரியில் 2 என்று இருந்தால் 4 கோருக்குரிய வேகத்தையே எதிர்பாருங்கள். அமேசானின் கிராவிட்டான் வகைகளில் ஒரு விசிபியு ஒரு முழுக் கோர். டாப் கட்டளையில் எஸ்டி என்ற பத்தி பூச்சியத்துக்கு மேல் நின்றால் பக்கத்து வாடகைக்காரருக்காக உங்கள் நேரம் எடுக்கப்படுகிறது. கண்டெய்னருக்குள் (சர்வரில் பிரித்து ஒதுக்கிய நிரல் சூழலில்) ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அடியில் உள்ள சர்வரின் 64 இழைகளும் உள்ளே தெரியும், ஆனால் ஒதுக்கீடு 4-க்கு மட்டும் இருக்கும், 64 இழை கொடுத்தால் எஞ்சின் கணப்பொழுது பாய்ந்து பிறகு நிறுத்திவைக்கப்படும்.

அறிகுறி: லீலா, காட்டாகோ ஆகியவற்றில் இழையைக் கூட்டினால் ஆட்டம் கெடுகிறது

இவை வேறு இனம்; லீலா சதுரங்க எஞ்சின், காட்டாகோ கோ ஆட்ட எஞ்சின். நரம்பு வலைப்பின்னல் கிராபிக்ஸ் அட்டையில் ஓடுகிறது. பிராசசர் இழைகளின் வேலை, மதிப்பிட வேண்டிய நிலைகளைத் திரட்டி அனுப்புவது மட்டுமே. அட்டை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கூடுதல் இழைகள் ஒரே மரத்தின் பூட்டுக்காக முட்டிக்கொள்ளும். அதோடு, ஒரே நேரத்தில் பல இழைகள் இறங்கும்போது எல்லாம் ஒரே கிளைக்குப் போகாதிருக்க, முன்னே போன இழையின் கிளையைத் தற்காலிகமாகத் தோற்றதுபோலக் கணக்கிடுகிறார்கள். அதனால் பின்னே வரும் இழைகள் சற்றுத் தரம் குறைந்த கிளைகளுக்குத் தள்ளப்படுகின்றன. லீலாவை ஓர் அட்டையில் ஓட்டுபவருக்கு 2 அல்லது 3 இழை போதும். கோ ஆட்டத்துக்கான காட்டாகோவில் இந்தத் தொல்லைக்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது: அதன் பெஞ்ச்மார்க் கட்டளை பல இழை எண்ணிக்கைகளை ஓட்டிப் பார்த்து, வேகக் கூடுதலையும் தேடல் தர இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்த எண்ணிக்கை பலமானது என்று பரிந்துரைக்கும். அந்த எண்ணை அமைப்புக் கோப்பில் நம்செர்ச்த்ரெட்ஸ் வரியில் இட்டுவிடுங்கள். அட்டையை மாற்றினாலோ பெரிய வலைப்பின்னலுக்கு மாறினாலோ பெஞ்ச்மார்க்கை மறுபடியும் ஓட்ட வேண்டும்.